80 வயதில் பிறந்த கட்சி

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. யு. என். தேபர் தலைவர். மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே இனிக் குறிக்கோள் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அடுத்த ஆண்டே தொழிற்கொள்கைத் தீர்மானம் வந்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அந்தப் பாதை வேண்டாம் என்று எழுந்த கட்சியும் அதே மெட்ராஸில்தான் பிறந்தது. நடுவில் கடந்தது நாலரை ஆண்டுகூட இல்லை.

கட்சியின் பெயர் ஸ்வதந்திரா. தமிழ்நாட்டில் சுதந்திராக் கட்சி என்றார்கள். தெருவில் ‘ராஜாஜி கட்சி’ என்றால் போதும், புரிந்துவிடும். ஒரு கட்டத்தில் மக்களவையில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக உட்கார்ந்த அது, பிறந்து பதினைந்தே ஆண்டில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மதத்தையோ மொழியையோ சாதியையோ கொடியில் ஏற்றாமல், அரசாங்கத்தின் கை நீளக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டு நாடு முழுக்க நின்ற வலதுசாரிக் கட்சி, அந்த அளவில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் வரவில்லை. அது பிறந்த விதமும் விசேஷமானது. மற்றக் கட்சிகள் போராட்டத்தில் பிறந்தன, பிளவில் பிறந்தன. இது பாதிக்கு மேல் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கங்களில் பிறந்தது. அதன் பலமும் பலவீனமும் அந்தப் பிறப்பிலேயே இருந்தன.

ரேஷனை எடுத்த முதல்வர்

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1952 தேர்தலில் மெட்ராஸ் ராஜ்யத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற ராஜாஜியை மேலவை நியமன உறுப்பினராக்கி ஏப்ரலில் முதல்வர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். யுத்த காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு அப்போதும் இருந்தது. அரிசிக்கு ரேஷன், நெல் நடமாட்டத்துக்குத் தடை. தன் வயலில் விளைந்ததை விரும்பிய இடத்தில் விற்க விவசாயிக்கு வழியில்லை. தடை இருந்த இடத்தில் கள்ள மார்க்கெட்டும் இருந்தது. சோதனைச் சாவடியில் கை நீட்டுகிறவரும் இருந்தார்.

பதவியேற்ற இரண்டு மாதத்துக்குள், ஜூனில், ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதிகாரிகள் பயந்தார்கள், விலை எகிறும், பஞ்சம் வரும் என்றார்கள். மத்தியில் உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் பக்கபலமாக நின்றார். பயந்தது நடக்கவில்லை. பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. மெட்ராஸைப் பார்த்து மற்ற ராஜ்யங்களிலும் கட்டுப்பாடு தளர்ந்தது. கையில் இருக்கும் அதிகாரத்தை ஒரு அரசாங்கம் தானாகவே கீழே வைப்பது அபூர்வம். பிற்பாடு ராஜாஜி எழுதியதற்கெல்லாம் அடித்தளமாக இருந்த அனுபவம் இது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1938இல் இந்தி எதிர்ப்பாளர்களைக் குற்றச் சட்டத் திருத்தத்தின் கீழ் சிறைக்கு அனுப்பியவரும் இதே ராஜாஜி. 1939இல் பொது விற்பனை வரியை இந்தியாவிலேயே முதன்முதலில் கொண்டுவந்ததும் அவருடைய அமைச்சரவைதான். 1953இல் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைச் சட்டசபையைக் கேட்காமலே கொண்டுவந்தார். நாடு அதைக் குலக்கல்வி என்றது. எதிர்ப்பு தாங்காமல் 1954இல் பதவி விலகினார், காமராஜர் வந்தார். எந்த அரசாங்கத்தின் கை நீளக் கூடாது என்று பிற்பாடு எழுதினாரோ, அந்தக் கையாகவே தானும் இருந்தவர் அவர். எதிர்த்தரப்பு இதைக் கடைசிவரை மறக்கவில்லை. மறக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

ஒரு பத்திரிகையும் ஒரு பத்தியும்

பதவி போன பிறகு ராஜாஜிக்குக் கையில் மிஞ்சியது பேனா. 1956இல் காசா சுப்பா ராவ் ‘ஸ்வராஜ்யா’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையை மெட்ராஸில் தொடங்கினார். ஆந்திரத்தைச் சேர்ந்த காசா, யாருக்கும் வளைந்து கொடுக்காத பத்திரிகையாளர் என்று பெயர் வாங்கியவர். அதற்கு முன் அவர் நடத்திய வாரப் பத்திரிகையின் பெயரே ‘ஸ்வதந்திரா’. கல்கி சதாசிவத்தின் பாரதன் பப்ளிகேஷன்ஸ் பின்னால் நின்றது. ராஜாஜி வாராவாரம் வாசகருக்குக் கடிதம் எழுதுவதுபோல ஒரு பத்தி எழுதினார். ‘கல்கி’யில் தமிழிலும் எழுதினார். ஸ்வராஜ்யா கட்டுரைகளைத் திரட்டிச் ‘சத்யமேவ ஜயதே’ என்று புத்தகங்களாகவே பாரதன் வெளியிட்டது.

அந்தப் பத்தியில் அவர் ஊறப்போட்டு எழுதியது ஒரே விஷயம்தான். 1957 தேர்தலில் 494 இடங்களில் 371 காங்கிரஸுக்கு. அடுத்து வந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு 27. ஆளும் கட்சியை இடதுபக்கமிருந்து இழுக்க ஆள் இருந்தது, வலதுபக்கமிருந்து பிடித்து நிறுத்த யாரும் இல்லை. கடிவாளம் இல்லாத வண்டி எவ்வளவு நல்லவர் ஓட்டினாலும் ஆபத்துதான்; நேரு நல்லவர் என்பதாலேயே ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

தொழில் தொடங்க லைசென்ஸ், இறக்குமதிக்குப் பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்று அப்போது விரிந்துகொண்டிருந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்’. 1951ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களில் புது ஆலை தொடங்க வேண்டுமென்றாலும் இருக்கும் ஆலையைப் பெரிதாக்க வேண்டுமென்றாலும் டெல்லி அனுமதி தேவை. இதனால் பணக்காரன் ஒழிவான் என்று ஆவடிக்காரர்கள் நினைத்தார்கள். நேர்மாறாக நடக்கும் என்றார் ராஜாஜி. டெல்லியில் ஆள் வைத்துக் காத்திருக்கப் பெரிய முதலாளியால் முடியும். ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ ஒரு தறியும் ஒரு லேத்தும் வைத்திருப்பவனால் முடியாது. லைசென்ஸ் பெரியவனுக்குக் கோட்டைச் சுவராகிவிடும். லைசென்ஸ் கொடுக்கிற கட்சிக்கு அவன் தேர்தல் நிதி கொடுப்பான். பின்னாளில் பெரிய தொழில் குடும்பங்களின் ஆதிக்கம் பற்றி அரசாங்கமே அமைத்த விசாரணைகள் இதையொட்டிய முடிவுக்குத்தான் வந்தன.

காசா 1961இல் இறந்தார். பிறகு ஸ்வராஜ்யாவை நடத்தியவர்களில் ஃபிலிப் ஸ்ப்ராட் ஒரு நாவலுக்கான பாத்திரம். இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சியை வளர்க்க 1926இல் மாஸ்கோ அமைப்பு அனுப்பிய ஆங்கிலேய இளைஞர். மீரட் சதி வழக்கில் சிறை சென்றவர். சிறையில் படித்துப் படித்தே நம்பிக்கை இழந்தார். சிங்காரவேலரின் உறவுப் பெண்ணை மணந்து இங்கேயே தங்கி, கம்யூனிஸத்தை எதிர்த்து எழுதும் பத்திரிகை ஆசிரியராகி, 1971இல் மெட்ராஸிலேயே காலமானார். அரசாங்கத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நடுவில், அந்தக் கனவைச் சொந்தமாகக் கண்டு விழித்தவர் அவர்.

நாக்பூர் கொடுத்த தீப்பொறி

எழுத்து எழுத்தாகவே நின்றிருக்கும். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் அதற்கு வேலை கொடுத்தது. நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு முறையில் கூட்டுப் பண்ணை, நில உச்சவரம்பு, உணவு தானிய வியாபாரத்தை அரசே எடுப்பது என்று தீர்மானம். மேடையிலேயே எழுந்து எதிர்த்தவர் உத்தரப் பிரதேசத்துச் சரண் சிங். விவசாயி நிலத்தைத் தன் உயிராக நினைப்பவன், பொதுவில் போடச் சொன்னால் உழைக்க மாட்டான் என்றார். தீர்மானம் நிறைவேறியது. அவர் காங்கிரஸிலேயே தங்கினார். இந்தக் கதையின் கடைசியில் மறுபடி வருவார்.

வெளியே வந்தவர் என். ஜி. ரங்கா. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், குண்டூர் ஜில்லா நிடுபுரோலுவில் விவசாயிகளுக்கென்று பள்ளி நடத்தியவர். பம்பாயிலிருந்து மினு மசானி வந்தார். 1934இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு சேர்ந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கிய அதே மசானி. சோவியத் நடப்புகளைப் பார்த்து மனம் மாறியவர். பிற்பாடு டாடா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஏ. டி. ஷ்ராஃப் 1956இல் தொடங்கிய தனியார் தொழில் ஆதரவு மன்றத்தார் வந்தார்கள். கே. எம். முன்ஷி வந்தார். வி. பி. மேனனும் வந்தார். சர்தார் பட்டேலுடன் சேர்ந்து சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த அந்த அதிகாரிக்கு, தான் ராஜ்யத்தைக் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்ட மகாராஜாக்களுடனேயே கொஞ்ச நாளில் ஒரு கட்சியில் உட்கார வேண்டி வந்தது.

1959 ஜூன் 4. மெட்ராஸில் அறிவிப்பு வந்தது. ராஜாஜிக்கு 80 வயது முடிந்து ஆறு மாதம். பொதுவாக அந்த வயதில் மனிதர்கள் உயில் எழுதுவார்கள். இவர் கட்சி எழுதினார். ஆகஸ்டில் பம்பாயில் ஆயத்த மாநாடு. ரங்கா தலைவர், மசானி பொதுச்செயலாளர். மெட்ராஸில் 1957இலேயே காங்கிரஸிலிருந்து விலகிச் சீர்திருத்தக் காங்கிரஸாக நின்று, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜாஜி ஆதரவாளர்களும் இதில் சேர்ந்தார்கள். தேர்தல் சின்னம் நட்சத்திரம்.

21 அம்சங்களில் கொள்கை அறிக்கை. சொத்துரிமை, சொந்த நிலத்தில் உழும் விவசாயி, எடுத்த சொத்துக்கு நியாயமான ஈடு, தொழிலில் அரசின் குறுக்கீடு குறைவு, காந்தியின் தர்மகர்த்தா முறை. கடைசி அம்சம்தான் இந்திய அரசியலில் கேள்விப்படாதது. இந்த 21இல் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் மனசாட்சிப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம். கட்சித் தலைமையின் அதிகாரத்துக்கே எல்லை கட்டிக்கொண்டு பிறந்த கட்சி. கொள்கை என்ற அளவில் அழகுதான். நடைமுறையில், மதுவிலக்கில் ராஜாஜி ஒரு பக்கம், பம்பாய் நண்பர்கள் பலர் இன்னொரு பக்கம். காஷ்மீரில் ஷேக் அப்துல்லாவுடன் சமரசம் பேசுங்கள் என்று ராஜாஜி எழுதினால், கட்சிக்குள்ளேயே பலருக்கு முகம் சுளிக்கும். 1962இல் அவர் காந்தி அமைதி அறக்கட்டளையின் சார்பில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று அதிபர் கென்னடியிடம் கேட்டார். அமெரிக்கக் கையாள் என்று ஏசப்பட்ட கட்சியைத் தொடங்கியவர் அமெரிக்காவுக்குப் போய்ச் செய்த வேலை அது.

செய்தியில் விழுந்த சித்திரம்

பத்திரிகையில் பிறந்த கட்சிக்குப் பத்திரிகையிலேயே ஒரு சித்திரமும் விழுந்தது. ஜமீன்தார்களும் கோட்டைகளும் இருந்த பழைய காலத்துக்குச் சேர்ந்த கட்சி என்று நேரு கேலி செய்தார். பணக்காரர் கட்சி என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. இதில் பாதி நியாயம், பாதி அநியாயம். மகாராஜாக்கள் வந்தது நிஜம். 1962இல் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909ஐ வாங்கிக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். பீகாரில் ராம்கர் ராஜா தன் பரிவாரத்தோடு சேர்ந்தார், பிற்பாடு பரிவாரத்தோடு விலகினார். கட்சியைப் படம் பிடிக்கப் போகிற நிருபருக்கு 21 அம்சங்களைவிட மகாராணி நல்ல படம். அதில் நிருபரைக் குறை சொல்ல முடியாது.

பணம் விஷயத்தில்தான் சித்திரம் தப்பு. பெரும் முதலாளிகள் லைசென்ஸ் கொடுக்கிற கட்சியைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. 1961இல் ஜே. ஆர். டி. டாடா நேருவுக்குக் கடிதம் எழுதி, காங்கிரஸுக்குக் கொடுப்பதோடு சுதந்திராவுக்கும் நிதி கொடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்தார். ஆரோக்கியமான எதிர்க்கட்சி நாட்டுக்கு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அந்தக் கட்சி வலுவான எதிர்க்கட்சியாகும் என்ற உங்கள் நம்பிக்கை வீண் என்ற பொருளில் நேரு பதில் எழுதினார். இருவரும் கண்ணியமாகத்தான் எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் நாட்டின் முதல் வரிசைத் தொழிலதிபர், ஒரு எதிர்க்கட்சிக்கு நன்கொடை கொடுப்பதைப் பிரதமருக்கு எழுதித் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டியிருந்தது என்பதே அந்தக் காலத்தின் லட்சணம்.

பத்திரிகைகளின் கதியும் அதுவே. செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அந்நியச் செலாவணி அரசின் கையில். எத்தனை பிரதி விற்கிறது, எத்தனை பக்கம் போடுகிறீர்கள் என்று கணக்குக் காட்டினால் இவ்வளவு டன் என்று கோட்டா வரும். 1960இல் இன்னும் ஒரு படி மேலே போய், இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று நாளிதழ்களுக்கு அரசு உத்தரவு போட்டது. விலையை ஏற்றாமல் பக்கம் கூட்டக் கூடாது, பக்கத்தைக் குறைக்காமல் விலையைக் குறைக்கக் கூடாது. புனேயின் ‘சகாள்’ மராத்தி நாளிதழ் வழக்குப் போட்டு, 1961 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அந்த உத்தரவை உடைத்தது. 1972இல் எந்த நாளிதழும் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று புதிய காகிதக் கொள்கை வந்தது. அதையும் அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. லைசென்ஸ் ராஜ்யத்தை விமர்சிக்க வேண்டிய பத்திரிகையே லைசென்ஸ் ராஜ்யத்தின் மனுதாரர் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. வானொலி முழுக்க அரசாங்கத்துடையது. தேர்தல் நேரத்தில் கட்சிகள் ஆல் இந்தியா ரேடியோவில் பேச முதன்முதலில் இடம் கிடைத்ததே 1977இல்தான். அதற்குள் சுதந்திராக் கட்சி செத்து மூன்று ஆண்டு.

இந்தத் தடைகளை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில் அதே மெட்ராஸில் தி.மு.க.வும் எதிர்க்கட்சிதான். அதற்கும் ரேடியோ கிடைக்கவில்லை, பெரிய நாளிதழ்கள் ஆதரவும் இல்லை. அது ‘நம் நாடு’, ‘முரசொலி’ என்று சொந்தப் பத்திரிகைகள் நடத்தியது. படிப்பகங்கள் திறந்து, எழுத்துத் தெரியாதவனுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட ஏற்பாடு செய்தது. நாடகம் போட்டது, சினிமாவுக்கு வசனம் எழுதியது. சுதந்திராவின் கருத்து ஆங்கில வாரப் பத்திரிகையின் பக்கத்தில் நல்ல நடையில் இருந்தது. பெர்மிட்டால் உண்மையில் அடி வாங்கிய தறிக்காரனும் நெல் வியாபாரியும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. ‘கல்கி’ தமிழில் எழுதியது. ஆனால் அது போன வீடுகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். ராஜாஜியின் கட்சி என்றால் பார்ப்பனர் கட்சி என்று எதிரிகள் சொன்னபோது, இல்லை என்று சொல்லத் தெருவில் ஆள் இல்லை. குலக்கல்வியின் நிழல் வேறு கூடவே வந்தது.

நட்சத்திரம் ஏறிய நாள்

இவ்வளவுக்கும் கட்சி தோற்றுப்போகவில்லை. 1962இல், மூன்றே வயதில், மக்களவையில் 18 இடம். பீகாரிலும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் முக்கிய எதிர்க்கட்சி. மெட்ராஸில்தான் ஆறே எம்.எல்.ஏ. 1967இல் 44 எம்.பி.க்கள், மக்களவையில் காங்கிரஸுக்கு அடுத்து இதுதான். ஒரிசாவில் ஆர். என். சிங் தேவ் முதல்வரானார்.

தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ராஜாஜி அண்ணாவோடு கைகோத்தார். 1938இல் அண்ணாவைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் தலைவர் அவர். பிராமணர்களை, ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு முத்திரை குத்துங்கள் என்றார் என இன்றும் சொல்வார்கள். கூட்டணி காங்கிரஸைச் சாய்த்தது. சுதந்திராவுக்குச் சட்டசபையில் 20 இடம், மக்களவையில் 6. ஆனால் அந்தத் தேர்தலில் ஜெயித்தது இந்தி எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும். அரசாங்கம் விலையில் தலையிடக் கூடாது என்ற கட்சி, அரசாங்கம் விலையைக் குறைத்துத் தரும் என்ற வாக்குறுதியின் தோளில் ஏறிச் சட்டசபைக்குள் போயிற்று. 21 அம்சங்களைப் பற்றி வாக்காளர் யாரும் கேட்கவில்லை. மேடையில் யாரும் சொல்லவும் இல்லை.

அந்தக் காலத்தில் சுதந்திரா விட்டுச்சென்ற நல்ல காரியம் ஒன்று டெல்லியில் நடந்தது. அரசாங்கச் செலவைத் தோண்டிப் பார்க்கும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவுக்கு அதுவரை ஆளும் கட்சிக்காரரே தலைவர். 1967இல் முதன்முறையாக எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தலைவரானார். அவர் மசானி. அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் கணக்கைக் கேட்கும் நாற்காலி எதிர்த்தரப்புக்கு என்பது கட்சி மறைந்தும் நிற்கிறது.

இறங்குமுகம் சீக்கிரமே வந்தது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். சுதந்திராவைச் சேர்ந்த ஆர். சி. கூப்பர் வங்கிப் பங்குதாரர் என்ற முறையில் உச்ச நீதிமன்றம் போனார், 1970இல் ஜெயித்தார். அரசாங்கம் உடனே வேறு சட்டம் போட்டு அதையே மறுபடி செய்தது. கோர்ட்டில் வென்ற கட்சி தெருவில் தோற்றது. கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கவும் 1969இல் தடை வந்தது. 1971 தேர்தலில் ‘வறுமையே வெளியேறு’ என்றார் இந்திரா. எதிர்த்தரப்புக் கூட்டணியிடம் ‘இந்திராவே வெளியேறு’ என்பதைத் தவிர வேறு இல்லை. சுதந்திராவுக்கு எட்டு இடம். 1972 கிறிஸ்துமஸ் நாளில் ராஜாஜி காலமானார். 1974இல் கட்சி, சரண் சிங் தலைமையில் உருவான பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. நாக்பூர் மேடையில் தீர்மானத்தை எதிர்த்த மனிதரிடமே, அந்தத் தீர்மானத்தால் பிறந்த கட்சி போய்ச் சேர்ந்தது.

கட்சி போன பிறகும் பத்திரிகை விடவில்லை. நெருக்கடி நிலையின்போது மசானி நடத்திய ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ என்ற சிறு மாத இதழில் தணிக்கை அதிகாரி பல பகுதிகளை அடித்தார். பெரிய நாளிதழ்கள் வாய்மூடிக் கிடந்த அந்த நாளில் மசானி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1976 பிப்ரவரியில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசைப் புகழ்வது மட்டுமே பத்திரிகையின் கடமை இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. ஸ்வராஜ்யா 1980 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது.

வாரிசு யார்?

1991 ஜூலையில் லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியை நரசிம்ம ராவ் அரசு ஒரே மாதத்தில் கலைத்தது. பட்ஜெட்டைப் படித்தவர் மன்மோகன் சிங். இறக்குமதி லைசென்ஸ் கட்டுகளைத் தளர்த்தியவர் வர்த்தக அமைச்சராக இருந்த ப. சிதம்பரம். ஆவடித் தீர்மானத்தை நிறைவேற்றிய அதே கட்சி. ராஜாஜி சொன்னது சரிதான் என்று யாரும் எழுந்து சொல்லவில்லை. கஜானாவில் அந்நியச் செலாவணி இல்லை என்பதால் செய்தார்கள், நம்பிக்கையால் செய்யவில்லை.

இன்று ராஜாஜிக்கும் சுதந்திராவுக்கும் வாரிசு என்று சொல்லிக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். ஸ்வராஜ்யா என்ற பெயரும் 2014இல் வேறு நிர்வாகத்தில் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் இன்றைய வலதுசாரிப் பேச்சில் சந்தைக்கு இடம் இருக்கிறது, கோயிலுக்கு இடம் இருக்கிறது, பலமான தலைவருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பலமான தலைவரைக் கண்டால் சந்தேகப்படு என்ற அந்தப் பழைய குரலுக்குத்தான் இடம் இல்லை. இடதுசாரி அரசாங்கத்தைப் பெரிதாக்கி ஏழைக்குக் கொடுக்க நினைக்கிறார். வலதுசாரி அரசாங்கத்தைப் பெரிதாக்கி நாட்டை நிமிர்த்த நினைக்கிறார். பெரிதாக்குவதில் இருவருக்கும் சண்டை இல்லை.

சட்டமும் அப்படியே. அரசியல் சாசன முகவுரையில் சோஷலிசம் என்ற சொல் 1976இல் சேர்ந்தது. 1989இல் நடைமுறைக்கு வந்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் எந்தக் கட்சியும் சோஷலிசத்துக்கு விசுவாசம் தெரிவிக்க வேண்டும். மும்பையில் எஞ்சியிருந்த பழைய சுதந்திராக்காரர்கள் 1990களில் இதை எதிர்த்துப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பெருமுதலாளியின் பணத்தில் நடக்கும் கட்சியும் கண்ணைச் சிமிட்டாமல் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது. கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சுதந்திராவை மறுபடி தொடங்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. குலக்கல்வியையும் மகாராஜாக்களையும் திரும்ப அழைக்க யாருக்கும் ஆசை இருக்காது. இரும்பு ஆலையும் அணையும் பொதுப்பள்ளியும் மதிய உணவும் கொடுத்தது அரசாங்கம்தான் என்பதை அந்தக் கட்சி போதுமான அளவு ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வி அதோடு சேர்ந்து செத்துப்போனது நமக்கு நஷ்டம். தேர்தல் நேரத்துப் பிரஸ் மீட்டைப் பாருங்கள். எத்தனை சீட், யாரோடு கூட்டணி, எவ்வளவு தொகை, எத்தனை கிராம் என்று கேட்கிறார்கள். ஆட்சிக்கு வந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்காத நிருபர் இல்லை. ஆட்சிக்கு வந்தால் எந்த அதிகாரத்தைக் கைவிடுவீர்கள் என்று எந்தக் கட்சியையும் எந்த நிருபரும் கேட்பதில்லை. 1952இல் மெட்ராஸில் ஒரு முதல்வர் அந்தக் கேள்விக்குக் காரியத்தில் பதில் சொன்னார். அடுத்த முறை மைக்கை நீட்டுகிறவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பதில் வராது, ஆனால் எந்தக் கட்சி எவ்வளவு நேரம் விழிக்கிறது என்பதே நல்ல செய்தியாக இருக்கும்.